தூதருக்கும் விலக்கில்லை

நவம்பர் பன்னிரண்டாம் நாள், புதன்கிழமை. வானம் காலையிலிருந்தே மூடிக் கிடந்தது. மழை பெய்யவில்லை; ஆயினும் வடக்கிலிருந்து வீசிய காற்று, துறைமுக வாயிலில் இருந்த கொடிகளைக் கம்பத்தோடு சேர்த்து முறுக்கும் அளவுக்குப் பலமாக இருந்தது.

அன்று மாலை ஆறு மணிக்கு, கோயிலுக்குப் பின்புறமுள்ள பங்கு மண்டபத்தில் எங்கள் தொழிலாளர் வட்டம் கூடியது. நாங்கள் ஒன்பது பேர். பங்குத்தந்தை ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் துறைமுகத்தில் உழைப்பவர்கள். கப்பலில் ஏற்றப்பட்ட சரக்குப் பெட்டிகள் அலையில் நகர்ந்துவிடாதபடி இரும்புக் கம்பிகளால் இறுக்கிக் கட்டுவது என் தொழில். வட்டத்தின் செயலரும் நானே.

எங்கள் வட்டத்திற்கு ஒரு முறை உண்டு. அதை நாங்கள் ஒருநாளும் மீறியதில்லை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு அமர்வோம். முதலில், அந்த வாரத்தில் தன் கண்ணால் கண்ட ஒன்றை ஒவ்வொருவரும் முறையாகச் சொல்ல வேண்டும். கண்டதை மட்டுமே சொல்லலாம், கருத்து கூடாது. “எனக்குத் தோணுது” என்று எவரேனும் தொடங்கினால், கேன்டீன் அக்கா தம் கையிலிருக்கும் கரண்டியால் நாற்காலிக் கையைத் தட்டுவார். அடுத்து, கண்டவற்றை உழைப்பு, நீதி, அமைதி ஆகியவை பற்றித் திருஅவை கற்பிக்கும் சமூகப் படிப்பினைகளோடு வைத்து நிறுத்துப் பார்ப்போம். முடிவாக, ஒவ்வொருவரும் தாமே செய்யக்கூடிய ஒரு செயலைச் சொல்லிவிட்டுத்தான் எழ வேண்டும். “யாராவது ஏதாவது செய்யணும்” என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. இந்த முறையிலிருந்து எவருக்கும் விலக்கில்லை. கோயில் வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு முதியவரைக் காவலாளி விரட்டியதையும், அதைக் கண்டு தாம் சன்னல் திரையை இழுத்து மூடிக்கொண்டதையும் பங்குத்தந்தையே முந்தைய வாரம் எங்கள் முன் சொல்லியிருந்தார்.

அன்றைய கூட்டத்திற்கு ஒரு விருந்தினர் வருவதாக இருந்தது. கடலுக்கு அப்பாலிருந்த இரு நாடுகள் நெடுநாளாகப் போரிட்டுக்கொண்டிருந்தன. அவை சமரசம் பேசுவதற்கு எங்கள் அரசு தன் விருந்தினர் மாளிகையைக் கொடுத்திருந்தது. நடுவராக இருந்தவர் திருத்தந்தையின் தூதர். படையில்லாதவர் என்பதாலேயே இரு தரப்பும் அவரை நம்பின. மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு ஒப்பந்தம் கையெழுத்தாக இருந்தது. அதற்கு முன், துறைமுகத் தொழிலாளரைப் பத்து நிமிடம் சந்தித்து ஆசீர் வழங்க விரும்புவதாகத் தூதர் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் எங்கள் மொழிக்காரரே. பல ஆண்டுகள் வெளிநாடுகளில் பணியாற்றியவர்.

பங்குத்தந்தை அவருக்காக மேடைமேல் சிவப்புத் துணி போர்த்திய பெரிய நாற்காலி ஒன்றை வைத்திருந்தார். நாங்களோ, அது முந்தைய நாள் நடந்த திருமணத்தில் மிஞ்சியது என்று நினைத்து, அதைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பொருள் அறையில் வைத்துவிட்டு, வட்டத்தில் பத்தாவதாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டோம். அவமதிக்கும் எண்ணம் எங்களில் ஒருவருக்கும் இல்லை. வட்டத்திற்கு வருகிறவர் வேறு எங்கே உட்காருவார் என்பது எங்களுக்கு உண்மையாகவே தெரியவில்லை.

தூதர் உள்ளே வந்தார். வெற்று மேடையைப் பார்த்தார். பங்குத்தந்தையின் முகம் வெளிறியது. தூதர் நேராக வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்தார். நான் வழக்கம்போல், “ஆரம்பிக்கலாம்” என்றேன்.

கேன்டீன் அக்கா முதலில் பேசினார். “ஏழாம் துறையில புதுசா நாலு பேர் நிக்கிறாங்க. சீருடை இல்ல. ஆனா டீ குடிக்கிறப்பகூட முதுகை வளைக்கல. ஒருத்தன் சிகரெட்டை வாயில வெச்சான். பத்தவைக்கறதுக்குள்ள பக்கத்துல நின்னவன் கையிலயே ஒண்ணு போட்டான் பாருங்க, சிகரெட் போயி என் பால்ல விழுந்துச்சு. அவ்வளவுதான் நான் பார்த்தது. பாலைக் கொட்டிட்டேன், பயப்படாதீங்க.”

அடுத்து என் முறை. “ஏழாம் துறைக் கப்பல்ல நேத்து ஏத்தின பெட்டிங்களைக் கட்டினேன். எல்லாத்துலயும் விவசாயக் கருவின்னு தாள் ஒட்டியிருக்கு. ஒரு பெட்டியில அந்தத் தாள் பாதி கிழிஞ்சிருந்தது. அடியில ஆரஞ்சு நிறத்துல, சாய்ஞ்ச சதுரம். அதுக்குள்ள வெடிச்சுச் சிதறுற மாதிரி படம்” என்றேன்.

எனக்கு அடுத்து இருந்தவள் என் மனைவியின் தங்கை. துறைமுகத்தின் உயரமான பாரந்தூக்கியை இயக்குபவள். நாளெல்லாம் தரைக்கு மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பதால் எல்லாரும் அவளை மாடிக்காரி என்றே அழைப்பார்கள். எங்கள் துறைமுகத்தில் அந்த உரிம அட்டையைப் பெற்ற முதல் பெண் அவள்தான்.

“தாள்ல எட்டு டன்னு போட்டிருக்கு. தூக்கினா என் திரையில இருபத்தாறு காட்டுது. ஒரு பெட்டி இல்ல, ஏத்தின எல்லாமே. மிச்சப் பாதியை நாளைக்குக் காலையில ஏத்தணும். மத்தியானம் கப்பல் கிளம்புது” என்றாள். பிறகு, கப்பல் போகும் துறைமுகத்தின் பெயரையும் சொன்னாள். போரிடும் இரு நாடுகளுள் ஒன்றின் துறைமுகம் அது.

பங்குத்தந்தை சட்டென்று எழுந்தார். “சரி, சரி. ஆண்டகைக்கு நேரமாகுது. இப்ப அவர் நமக்கு ஆசீர் தருவார்.”

கரண்டி நாற்காலிக் கையில் விழுந்தது. “உக்காருங்க ஃபாதர். அடுத்தது சாமி முறை” என்றார் கேன்டீன் அக்கா.

“அக்கா, அவர் விருந்தாளி.”

“நாற்காலியில உக்கார்ந்துட்டார்ல?”

தூதர் கையை உயர்த்திப் பங்குத்தந்தையை அமர்த்தினார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, “உழைப்பாளரின் மாண்பு குறித்தும், நாடுகளுக்கிடையே நிலவ வேண்டிய நல்லிணக்கம் குறித்தும் திருஅவை என்றென்றும் ஆழ்ந்த அக்கறை...” என்று தொடங்கினார்.

மீண்டும் கரண்டி தட்டியது. “அது அபிப்பிராயம் சாமி. நல்ல அபிப்பிராயம்தான். ஆனா இந்த வாரம் கண்ணால பார்த்தது என்ன?”

பங்குத்தந்தை கண்களை இறுக மூடிக்கொண்டார். தூதர் சினந்து எழுந்து போய்விடுவார் என்று நானும் எண்ணினேன். அவர் எழவில்லை. தம் இரு கைகளையும் முழங்கால்மேல் வைத்து, தரையைப் பார்த்தபடி நெடுநேரம் இருந்தார். பிறகு பேசியபோது அவருடைய பேச்சு மாறியிருந்தது. அது எங்கள் வீட்டுப் பேச்சு.

“திங்கட்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையில” என்றார். “ஒரு பக்கத்துக்காரங்க ஒப்பந்தத்துல ஒரு வரி சேக்கணும்னாங்க. கையெழுத்துக்கு முன்னாடி கரையை விட்டுக் கிளம்பின கப்பலை யாரும் மறிக்கக்கூடாதுன்னு. கோதுமையும் மருந்தும் நடுக்கடல்ல நின்னுடக்கூடாதேன்னு நான் நினைச்சேன். அடுத்த பக்கத்துக்காரங்ககிட்ட நான்தான் கெஞ்சி அந்த வரியை ஒத்துக்க வெச்சேன். அப்ப உங்க அமைச்சர் எனக்கு ரெண்டாவது தடவை காபி ஊத்தினார். வேலைக்காரர் இருக்கறப்பவே, தன் கையால. அதைப் பார்த்தேன். ஏன்னு யோசிக்கல.”

கரண்டி தட்டவில்லை.

மற்றவர்களும் தாம் கண்டதைச் சொல்லி முடித்தார்கள்; ஆனால் முதல் நான்கு மட்டுமே எங்கள் நடுவே கிடந்தன. அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க எங்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை. அமைதிக்கு இடம் கொடுத்த எங்கள் அரசு, மறுகையால் ஒரு தரப்புக்குக் குண்டுகளை விற்றிருந்தது. அந்தக் கப்பல் நண்பகலில் கரையை விட்டுவிட்டால், மூன்று மணிக்குக் கையெழுத்தாகும் ஒப்பந்தமே அக்குண்டுகளுக்குக் காவலாக நிற்கும். மூன்று மணிவரை கப்பல் கரையிலேயே இருந்துவிட்டால், ஆயுதம் எத்தரப்புக்கும் செல்லக்கூடாது என்ற அதே ஒப்பந்தம் அதைத் தடுத்துவிடும்.

“அப்ப அது போகாது” என்றாள் மாடிக்காரி.

“கொஞ்சம் பொறும்மா” என்றார் பங்குத்தந்தை. “இது நாடுகளுக்கு நடுவுல இருக்கற விஷயம். பெரியவங்க பேசித் தீர்க்கணும். நாம நடுவுல புகுந்து ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிடுச்சுன்னா?”

“ஃபாதர், போன மாசம் நீங்க என்ன வாசிச்சுக் காட்டினீங்க? சின்னக் குழு தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பிடுங்கிக்கக்கூடாதுன்னு. ரெண்டு வாரம் அதையே விளக்கினீங்க. கரும்பலகையில குடும்பம், ஊர், நாடுன்னு வட்டம் வட்டமா போட்டீங்க. அது பரீட்சைக்கா?”

“அது வேற சூழ்நிலைக்குச் சொன்னது.”

“எந்தச் சூழ்நிலைக்குன்னு சொல்லுங்க, குறிச்சுக்கறேன். அடுத்த தடவை அந்தச் சூழ்நிலை வந்தா மட்டும் வரேன்.”

கேன்டீன் அக்கா சிரிப்பை முந்தானையால் மறைத்தார். பங்குத்தந்தை அவளைக் கடிந்துகொள்ளவில்லை. அவர் அஞ்சுபவரே அன்றி, பொய்யர் அல்லர். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே வேறொரு வழியைச் சொன்னார். “வெளியே எப்படிக் காத்தடிக்குது பாரு. நாளைக்கும் இப்படித்தான் இருக்குமாம். காத்து அதிகம், கிரேன் ஓட்ட முடியாதுன்னு எழுதிக் கொடுத்துடு. விதியிலயே இருக்கு. உன்மேல ஒரு சொல் வராது. கப்பலும் நிக்கும்.”

அது உண்மையிலேயே நல்ல வழி. நானும் அவளைப் பார்த்துத் தலையசைத்தேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். “நீங்களுமா அத்தான்? காத்து பத்து மணிக்கு நின்னுட்டா? வேகத்தை அளக்கற கருவி அலுவலகத்துலயும் இருக்கு. சரி, நிக்கலன்னே வெச்சுக்குங்க. இந்த ஊர்க்காரங்க குண்டை ஏத்த மாட்டாங்கன்னு யாருக்குத் தெரியும்? காத்துதான் ஏத்தலன்னு ஆயிடும். அடுத்த கப்பல் நல்ல வெயில் நாளாப் பார்த்து வரும். நான்தான் நிறுத்தினேன். அப்படித்தான் இருக்கணும்.”

இந்த வாதத்தைக் கேட்டுக்கொண்டிருந்த தூதர் அவளை நோக்கினார். “அம்மா, நான் ஒண்ணு சொல்லணும். இங்க கேட்டதை நான் அங்க வாய் திறந்து சொன்னா, ஒரு பக்கம் எழுந்து போயிடும். நாளைக்குக் கையெழுத்தே இருக்காது. எங்ககிட்ட படை கிடையாது. தடை போடற அதிகாரம் கிடையாது. ரெண்டு பக்கமும் நம்புறாங்க. அந்த ஒண்ணுதான் என் கையில இருக்கு.”

“உங்க கையில அது இருக்கு. என் கையில ரெண்டு நெம்புகோல் இருக்கு” என்றாள் அவள். “அவங்கவங்க கையில இருக்கறதை அவங்கவங்க பார்ப்போம். என்னைப் போகச் சொல்லி நீங்க அனுமதி தர வேண்டாம் சாமி. போகாதன்னு மட்டும் சொல்லாதீங்க. உழைப்பு மனுஷனைக் கொல்றதுக்கு இல்லைன்னு எழுதி அனுப்பினது உங்க திருத்தந்தை வீடு. நாங்க அதை நம்பிட்டோம். இப்ப வந்து, அவ்வளவு நம்பாதீங்கன்னு சொன்னா எப்படி?”

தூதர் தலைகுனிந்து கேட்டார், மறுக்கவில்லை.

செயலைச் சொல்லும் நேரம் வந்தது. மாடிக்காரி, பெட்டியைப் பிடிக்கும் இரும்புச் சட்டத்தை வெறுமையாகக் கப்பலின் வயிற்றுக்குள் இறக்கி, அப்படியே நிறுத்திவிடப் போவதாகச் சொன்னாள். பாரந்தூக்கியின் நீண்ட கை கப்பலுக்கு மேலே நீட்டியிருக்க, சட்டம் உள்ளே இருக்கும்வரை, எந்த மாலுமியும் கப்பலை ஒரு முழம்கூட நகர்த்தத் துணியமாட்டான். கட்டுபவர்களாகிய நாங்கள் கம்பியைத் தொடமாட்டோம் என்றோம். கேன்டீன் அக்கா, “மாடிக்குச் சாப்பாடு அனுப்ப எனக்கு வழி தெரியும்” என்றார். மறுநாள் தூதரோடு மாளிகைக்குப் போகவேண்டியிருந்த பங்குத்தந்தை மெல்லிய குரலில், “நான் பயந்தாங்கொள்ளி. ஆனா போன் பண்ணத் தெரியும். கையெழுத்தான உடனே சொல்றேன்” என்றார்.

தூதரின் முறை வந்தது. “மூணு மணின்னு சொல்லியிருக்கேன்” என்றார் அவர். “கப்பல் நின்னா அவங்க என்கிட்ட வருவாங்க, ஒருநாள் தள்ளி வைங்கன்னு. தள்ளி வைக்க மாட்டேன். என்னால முடிஞ்சது அது.”

“அது போதும் சாமி” என்றார் கேன்டீன் அக்கா. பிறகு ஏதோ நினைவு வந்தவராய், “ஆசீர் தரணும்னு வந்தீங்களே” என்றார். தூதர் எழுந்து நின்று எங்களுக்கு ஆசீர் வழங்கினார். பத்து நிமிடத்துக்கென வந்தவர் ஒன்றரை மணி நேரம் இருந்திருந்தார்.

மறுநாள் விடியற்காலையில் என் மனைவி, சமையலறையில் பாத்திரங்களைத் தேவைக்கு அதிகமான ஓசையோடு கையாண்டாள். செய்தி அவளுக்கு எட்டியிருந்தது. வேலைக்குச் செல்லும் வழியில் தங்கை உள்ளே வந்தவுடன் அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் தொடங்கினாள்.

“அந்தக் கண்ணாடிப் பெட்டியில ஏற எத்தனை வருஷம் நாயா அலைஞ்ச? பொம்பளைக்குத் தலை சுத்தும்னான், சேலை சிக்கும்னான், எல்லாத்தையும் தாங்கிட்டு ஏறின. இப்ப ஒரே நாள்ல தூக்கிக் கொடுக்கப் போற. ஏங்க, உங்க வட்டத்துல ஒன்பது பேர் இருக்கீங்க. பலி கொடுக்க இவ ஒருத்திதான் கிடைச்சாளா?”

“அக்கா, கிரேன் என்கிட்டதான இருக்கு. அத்தான்கிட்ட கொடுத்தா கப்பலோட சேர்த்து ஊரையும் தூக்கிடுவார்.”

“சிரிக்காத. கார்டைப் பிடுங்கிட்டா அப்புறம் என்ன பண்ணுவ?”

“பிடுங்கத்தான் பிடுங்குவாங்க. அதுக்காகக் குண்டைத் தூக்கிக் கொடுக்கவா? நான் ஏறினது எதுக்கு? கீழ நின்னு யாரோ சொல்றதுக்கெல்லாம் தலையாட்டக் கூடாதுன்னுதான் ஏறினேன்.”

என் மனைவி கையிலிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டுத் திரும்பினாள். பிறகு அடுக்கின்மேல் இருந்த கம்பளிச் சட்டையை எடுத்துத் தங்கையின் தோளில் எறிந்தாள். “மேல குளிரும். போட்டுக்க. உன்மேல எனக்குக் கோபம் தீரல, அதையும் ஞாபகம் வெச்சுக்க.”

காலை ஏழு மணிக்கு ஏழாம் துறையில் பாரந்தூக்கி அசைந்தது. நாங்கள் கப்பலுக்கு அருகே கரையில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றோம். இரும்புச் சட்டம், எந்தப் பெட்டியையும் பிடிக்காமல், கப்பலின் மேலாக வந்து, திறந்திருந்த அறையினுள் நிதானமாக இறங்கியது; இறங்கி நின்றது. பிறகு இயந்திரத்தின் முழக்கம் அடங்கியது. அவ்வளவு பெரிய இயந்திரம் ஓய்ந்தபோது, கடற்காகங்களின் சத்தம் திடீரென்று கேட்கத் தொடங்கியது.

துறைமுக மேலாளர் காரில் வந்து இறங்கினார். என் கையிலிருந்த வாக்கிடாக்கியைப் பறித்தார். “என்ன கோளாறு?”

“கோளாறு ஒண்ணும் இல்ல சார். நான்தான் நிறுத்தியிருக்கேன்” என்று மேலிருந்து அவள் குரல் தெளிவாக வந்தது.

“எதுக்கு?”

“குண்டு ஏத்த மாட்டேன். ஏத்தினதை எடுத்துட்டுப் போகவும் விடமாட்டேன்.”

“விவசாயக் கருவிம்மா அது.”

“அப்ப ஒரு பெட்டியைத் திறந்து காட்டுங்க சார். மண்வெட்டி இருந்தா, இறங்கி வந்து உங்க காலைத் தொட்டுக் கும்பிடறேன்.”

மேலாளர் வாக்கிடாக்கியைத் தாழ்த்திவிட்டுச் சீருடை அணியாத அந்த நால்வரையும் பார்த்தார். அவர்கள் வேறெங்கோ பார்த்தார்கள். அவர் மற்ற இரு ஓட்டுநர்களையும் அழைத்துவரச் சொன்னார். ஒருவன் தனக்கு வயிற்றுப்போக்கு என்று கழிவறைக்குள்ளிருந்தே செய்தி அனுப்பினான். மற்றவன் வந்தான்; பாரந்தூக்கியின் படியடியில் உட்கார்ந்தான்; பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடத் தொடங்கினான்.

“மேல ஏறுய்யா” என்றார் மேலாளர்.

“ஓட்டுநர் அறையில ஆள் இருக்கறப்ப இன்னொருத்தர் ஏறக்கூடாது சார். உங்க கையெழுத்தோட சுவத்துல ஒட்டியிருக்கு” என்றான் அவன், வாய் நிறையச் சோற்றோடு.

நால்வருள் ஒருவன் படியில் கால் வைத்தான். உடனே கட்டுபவர்களும், சுமையாளர்களும், கேன்டீன் அக்காவும், எங்கள் வட்டத்துக்கே வராத பலரும் படியைச் சூழ்ந்து நின்றார்கள். எவரும் கை ஓங்கவில்லை, கூச்சலிடவில்லை. நின்றார்கள், அவ்வளவே. நான் நடுவில் நின்றேன். பயந்தேன், ஆனால் விலகவில்லை. அவன் காலை எடுத்துக்கொண்டான்.

நண்பகல் சங்கு ஒலித்தது. கப்பல் அசையவில்லை. கப்பலின் தலைவர் மேல்தளத்திலிருந்து எங்கள் மேலாளரை நோக்கிக் கைகளை விரித்தார். மேலாளரின் தொலைபேசி ஓயாமல் அடித்தது. ஒவ்வொரு முறையும் அவர், “சரிங்க, சரிங்க” என்று சொல்லிச் சொல்லிக் குறுகிக்கொண்டே போனார். கேன்டீன் அக்கா கயிற்றில் கட்டிய வாளியில் சாப்பாடு அனுப்பினார். பாதி உயரம் சென்றதும் காற்று வாளியைச் சுழற்றி, குழம்பு மேலாளரின் காரின்மேல் கொட்டியது. அன்று எங்களுக்கு வாய்த்த ஒரே சிரிப்பு அது.

இரண்டு மணி அளவில் மேலாளர் குரலைத் தணித்துக்கொண்டு மீண்டும் பேசினார். “அம்மா, கேளு. கையெழுத்தை நாளைக்குத் தள்ளி வெச்சாச்சாம். மாளிகையில மின்சாரம் இல்லையாம். நீ இங்க உக்கார்ந்து ஒரு பிரயோஜனமும் இல்ல. இறங்கி வா.”

அவள், “அத்தான், அங்க இருக்கீங்களா?” என்று கேட்டாள்.

மேலாளர் வாக்கிடாக்கியை என்னிடம் நீட்டினார். “இருக்கேன்மா” என்றேன்.

“ஃபாதர் போன் பண்ணாரா?”

“இன்னும் இல்ல.”

“அவர் சொல்ற வரைக்கும் நான் எதையும் நம்பமாட்டேன். நாளைக்குன்னா நாளைக்கும் இங்கதான் இருப்பேன். அக்கா கம்பளி கொடுத்திருக்கா.”

மூன்று மணி கடந்தது. என் தொலைபேசி மௌனமாக இருந்தது. தூதர் வாக்குத் தவறிவிட்டார் என்று எண்ணினேன். பெரிய இடத்தவரின் வாக்கு இப்படித்தான் என்று கசந்தேன். மூன்று மணி பத்து நிமிடத்திற்குப் பங்குத்தந்தையின் அழைப்பு வந்தது. அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.

“கையெழுத்தாயிடுச்சு. ரெண்டு பக்கமும் போட்டாச்சு. மின்சாரத்தை நிறுத்திட்டாங்கப்பா, நிஜமாவே நிறுத்திட்டாங்க. மண்டபம் ஒரே இருட்டு. அமைச்சர் வந்து, நாளைக்கு வெச்சுக்கலாம் ஆண்டகைன்னு குழையறார். இவர் எழுந்து போய்த் தானே சன்னல் திரையை எல்லாம் திறந்துவிட்டுட்டு, மேசையை இங்க இழுத்துப் போடுங்கன்னார். யாரும் அசையல. நான் போய் ஒரு பக்கத்தைப் பிடிச்சேன். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததுன்னு தெரியல. மேசையைப் பிடிச்சுட்டேன்.”

நான் வாக்கிடாக்கியில் செய்தியைச் சொன்னேன். மேலிருந்து வந்தது ஒரே சொல்: “நல்லது.”

அதன் பின் எல்லாம் தலைகீழாயிற்று. காலையில் “ஏற்று” என்று ஆணையிட்ட அதே அமைச்சகம், இப்பொழுது அந்தப் பெட்டிகள் கப்பலில் இருப்பதை எவரும் காணுமுன் இறக்கிவிடுமாறு மேலாளரை நெருக்கியது. கப்பலின் தலைவரோ, அவற்றோடு ஒரு நிமிடமும் கடலில் இறங்கமாட்டேன் என்று படிக்கட்டில் நின்று கத்தினார். மேலாளர் கழிவறைக்கு ஆள் அனுப்பினார். அந்த ஓட்டுநருக்கு இன்னும் குணமாகவில்லை. படியடியில் இருந்தவன் சாப்பிட்டு முடித்து உறங்கிக்கொண்டிருந்தான்.

மேலாளர் வாக்கிடாக்கியை எடுத்தார். “ஏத்தினதை இறக்கணும்” என்றார்.

“இறக்கறேன் சார். ஏத்தினவளும் நான்தான்.”

“இறக்கினதும் கார்டை வாங்கிப்பேன். அதுல மாத்தமில்ல.”

“வாங்கிக்கங்க. முதல்ல இறக்கறேன்.”

இயந்திரம் மீண்டும் முழங்கியது. நாங்கள் கப்பலில் ஏறி, எங்கள் கையாலேயே கட்டிய கம்பிகளை அவிழ்த்தோம். ஒவ்வொரு பெட்டியாக மேலெழுந்து, கடற்பரப்பைக் கடந்து, கரையில் வந்து அமர்ந்தது. அவள் அவசரப்படவில்லை, எந்தப் பெட்டியும் ஆடவில்லை. வேலை முடிந்த பிறரும் வீட்டுக்குப் போகாமல் கரையோரம் நின்று பார்த்தார்கள். என் மனைவியும் எப்பொழுதோ வந்து, வாயிலருகே முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கடைசிப் பெட்டி தரையைத் தொட்டதும், பாரந்தூக்கியின் நீண்ட கை மெல்ல மேலே உயர்ந்தது. கப்பல் வெற்று வயிற்றோடு நின்றது.

மாடிக்காரி படியிறங்கி வந்தாள். நாள் முழுதும் உட்கார்ந்திருந்ததால் கால்கள் மரத்து, கைப்பிடியைப் பற்றிப் பற்றி இறங்கினாள். மேலாளர் கையை நீட்டியபடி காத்திருந்தார்.

“இனி எந்தத் துறைமுகத்துலயும் உன்னை ஏற விடமாட்டாங்க. தெரியுமில்ல?”

“தெரியும் சார்” என்றாள் அவள், கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றிக்கொண்டே. “ஏன் பிடுங்கினீங்கன்னு காரணம் எழுதணும்ல? குண்டை ஏத்த மறுத்தாள்னு முழுசா எழுதுங்க. ஒரு சொல் குறைச்சாலும் நான் வந்து நிப்பேன்.”

அவள் அட்டையை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அப்பொழுது மாலை ஆறு மணி எட்டு நிமிடம்.